வானத்தின் கணக்கு: விழிஞ்ஞம் கடற்கரையும் சூரிய வெப்ப ஏற்பிகளின் வரலாறும்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள விழிஞ்ஞம், தென்னிந்தியக் கடல்சார் வரலாற்றில் நெடுங்காலமாகப் பேசப்படும் ஊர். ஆய் மன்னர்களின் துறைமுகமாக விளங்கிய இவ்வூரின் கோட்டையைப் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் அழித்த செய்தியைச் சீவரமங்கலச் செப்பேடு தருகிறது. இன்று அதே ஊர், 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பன்னாட்டுச் சரக்குப் பெட்டகத் துறைமுகத்தால் அறியப்படுகிறது. போரும் வணிகமும் எழுதப்பட்ட அளவுக்கு இந்தக் கரையின் மற்றொரு வரலாறு எழுதப்படவில்லை. வெயிலை வேலைக்கு அமர்த்த மனிதர் செய்த முயற்சிகளின் வரலாறு அது.

விழிஞ்ஞத்தின் மீன்பிடி ஆண்டு பிற துறைகள் பலவற்றின் ஆண்டைப் போன்றதன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சூன் முதல் செப்டம்பர் வரை, அரபிக்கடலின் திறந்த கரைகளில் படகு இறக்குவது கடினம். பாறை முனைகளும் அலைத்தடுப்புச் சுவர்களும் காக்கும் விழிஞ்ஞத்தில் அப்போதுதான் அண்டைக் கிராமங்களின் படகுகளும் வந்து கூடும். அக்காலத்தில் கேரளம் விசைப்படகுகளின் இழுவலைக்கு விதிக்கும் 52 நாள் தடை, மரபுவழிப் படகுகளைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே ஆண்டின் மீன்வரத்து உச்சம் மழைக்காலத்திலேயே நிகழ்கிறது. நெத்திலி போன்ற சிறுமீன் ஒரே நாளில் குவிந்தால் விலை சரியும். விலைபோகாத மீனைக் கருவாடாக்குவது, மீன் விற்கும் பெண்களுக்கு நட்டத்தைத் தவிர்க்கும் வழி. கருவாட்டுக்கோ வெயில் வேண்டும். மீன் மிகுந்து வரும் மாதங்களில் வெயில் நம்பத்தக்கதாக இல்லை. வெயில் மிகுந்த சனவரி முதல் மார்ச் வரையிலோ மீன் அந்த அளவுக்கு வருவதில்லை.

இந்த முரண்பாடு, சூரிய வெப்ப ஏற்பிகளின் இருநூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் படிப்பதற்கு நல்லதொரு நுழைவாயில். அவ்வரலாறு வழக்கமாகக் கண்டுபிடிப்பாளர்களின் வரிசையாக எழுதப்படுகிறது: பெட்டி, அதன்பின் ஆடி, அதன்பின் வெற்றிடக் குழாய் என்பதாக. எந்த ஏற்பி எந்த ஊரில் நிலைத்தது, எது சில ஆண்டுகளில் துருப்பிடித்து மூலையில் ஒதுங்கியது என்று கேட்டால், அந்த வரிசை விடை தருவதில்லை. தலைக்கு மேலுள்ள வானத்தின் தன்மையும், கையிலுள்ள வேலைக்குத் தேவைப்படும் வெப்பநிலையுமே பெரும்பாலும் அந்த விடையைத் தந்திருக்கின்றன.

ஒரே அட்சரேகை, இரண்டு வானங்கள்

விழிஞ்ஞம் வட அட்சரேகை 8.4 பாகை அளவில் உள்ளது, தூத்துக்குடி 8.8 பாகையில். இரு ஊர்களுக்கும் மேலே சூரியன் செல்லும் பாதை ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் தூத்துக்குடி இந்தியாவின் பெரிய உப்பளப் பகுதிகளுள் ஒன்று. விழிஞ்ஞத்தில் உப்பளம் இல்லை. உப்புப் பாத்தியும் ஒரு சூரிய வெப்ப ஏற்பிதான். இறுகிய களிமண் தரை கதிரை உட்கவர்கிறது. ஆழமற்ற உவர்நீர் சூடாகிறது. வறண்ட காற்று ஆவியைச் சுமந்து செல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்ததால் தூத்துக்குடிக்கு அந்த வறண்ட காற்றும் மேகமற்ற நீண்ட பருவமும் வாய்த்தன. திருவிதாங்கூர் அரசின் எல்லைக்குள்ளும் இதே விதியைக் காணலாம். அதன் உப்பளங்கள் அரசின் தென்கிழக்கு ஓரமான தாமரைக்குளம், புத்தளம் பகுதிகளில், மழை குறைந்த பக்கமாக அமைந்தன. உப்பு விளைத்தவர்கள் வானத்தின் கணக்கை எந்தக் கருவியும் இன்றி அறிந்திருந்தனர்.

இயற்பியல் அந்தக் கணக்கை இரண்டு பங்காகப் பிரிக்கிறது. சூரிய வட்டிலிருந்து நேராக வந்து, நிழலை விழச்செய்யும் பங்கு நேர்க்கதிர். காற்று, தூசு, நீர்த்துளி ஆகியவற்றில் மோதிச் சிதறி, வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் பங்கு சிதறுகதிர். மேகமற்ற நண்பகலில் சிதறுகதிர் மொத்தத்தில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை இருக்கும். வானம் முழுதும் மூடிய பருவமழை நாளில் கிடைப்பது அனைத்தும் சிதறுகதிரே. கடற்கரையின் ஈரப்பதமும் மெல்லிய மேகமும் நிறைந்த நாள்களில் இரண்டும் கலந்து வரும். மொத்த வெயில் ஒரே அளவாக இருக்கும் இரண்டு ஊர்கள், இந்தப் பங்கீட்டில் முற்றிலும் வேறுபடலாம். ஏற்பிகளின் வகைப்பாடு முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் வேர்கொண்டுள்ளது.

பெட்டியின் வழி

1767-ஆம் ஆண்டில் ஜெனீவாவின் அறிஞர் ஒராஸ் பெனடிக்ட் டி சொசூர், கண்ணாடி மூடிய பெட்டிகளை வெயிலில் வைத்து உள்வெப்பத்தை அளந்தார். வெப்பக் காப்பிட்ட, பல அடுக்குக் கண்ணாடியுடைய பெட்டியில் வெப்பநிலை ஏறத்தாழ 110 பாகை செல்சியஸை எட்டியது. கண்ணாடி சூரியனின் குறு அலைக் கதிர்களை உள்ளே விடுகிறது. சூடான பரப்பு வெளியிடும் நெடு அலைக் கதிர்களைத் தடுக்கிறது. வெளிக்காற்று வெப்பத்தைக் கவர்ந்து செல்லாமலும் காக்கிறது. தட்டைத் தகட்டு ஏற்பி என்று இன்று அறியப்படும் கருவியின் கரு இதுவே. 1830-களில் நன்னம்பிக்கை முனையில் தங்கியிருந்த வானியலாளர் ஜான் ஹெர்ஷல், இத்தகைய பெட்டியில் உணவு சமைத்துக் காட்டினார்.

இந்தப் பெட்டி விற்பனைப் பொருளானது 1891-இல். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக் கிளாரன்ஸ் கெம்ப், கண்ணாடி மூடிய பெட்டிக்குள் நீர்க்கலன்களை வைத்து உரிமம் பெற்றார். பகலில் சூடான நீர் இரவில் அதே கண்ணாடி வழியாக வெப்பத்தை இழந்தது அதன் குறை. 1909-இல் கலிபோர்னியாவின் வில்லியம் பெய்லி, வெப்பத்தை ஏற்கும் குழாய்களையும் நீரைச் சேமிக்கும் தொட்டியையும் பிரித்தார். தகட்டோடு ஒட்டிய குழாயில் நீர் சூடானதும் அடர்த்தி குறைந்து மேலே உள்ள தொட்டிக்கு ஏறும். தொட்டியின் அடியிலுள்ள குளிர்ந்த நீர் கீழிறங்கிக் குழாயை நிரப்பும். பம்பு வேண்டாத இந்தச் சுழற்சியே பெங்களூரு, கோயம்புத்தூர் போன்ற நகரங்களின் மாடிகளில் உள்ள சோலார் ஹீட்டர்களில் இன்றும் நடைபெறுகிறது.

இக்கருவியின் இயற்பியலை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹாட்டல் 1942-லும், வில்லியர் 1953-லும் செப்பம் செய்தனர். அவர்களின் சமன்பாட்டைச் சொற்களில் எளிதாகக் கூறலாம்: கிடைக்கும் பயன்வெப்பம் என்பது தகடு உட்கவர்ந்த கதிருக்கும் அது இழக்கும் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாடு. இழப்போ, தகட்டின் வெப்பநிலை சுற்றுப்புறக் காற்றைவிட எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரே தகடு 45 பாகை நீரைத் தரும்போது நல்ல ஏற்பி. 95 பாகையைக் கேட்டால் அதுவே மோசமான ஏற்பி. ஏற்பியின் செயல்திறன் என்பது அதன் உடலில் பதிந்த நிலையான எண்ணன்று. அதனிடம் கேட்கப்படும் வேலையைப் பொறுத்து மாறும் அளவு.

இழப்பைக் குறைக்கும் முயற்சி அடுத்த கட்டம். 1955-இல் இஸ்ரேலிய அறிவியலாளர் ஹாரி டாபோர், வெயிலை நன்கு உட்கவர்ந்து வெப்பக்கதிரைக் குறைவாக வெளியிடும் தேர்வுப் பூச்சுகளை அறிமுகப்படுத்தினார். ஒன்றினுள் ஒன்றான இரு கண்ணாடிக் குழாய்களுக்கிடையே வெற்றிடம் அமைத்து, உட்குழாயின் மீது அத்தகைய பூச்சைப் பூசினால் காற்றுவழி இழப்பும் அடங்கும். சீனாவில் 1980-களிலிருந்து பேரளவில் உருவான இந்த வெற்றிடக் குழாய் ஏற்பி, உலகில் மிகுதியாக விற்கும் வகையாயிற்று. தட்டைத் தகடாயினும் வெற்றிடக் குழாயாயினும், இந்த வழியைச் சேர்ந்த ஏற்பிகளின் பொதுப்பண்பு ஒன்று உண்டு: அவை சூரியனைத் தேடித் திரும்புவதில்லை, சிதறுகதிரையும் நேர்க்கதிரையும் வேறுபாடின்றி ஏற்கின்றன.

ஆடியின் வழி

நீராவியும் இயந்திரமும் வேண்டுவோர்க்குப் பெட்டி போதவில்லை. பெரிய பரப்பில் விழும் கதிரைச் சிறிய பரப்பில் குவித்தால், வெப்பத்தை இழக்கும் பரப்பு சுருங்கும், வெப்பநிலை உயரும். பிரான்சின் கணித ஆசிரியர் அகஸ்டின் மூஷோ, கூம்பு வடிவ ஆடியால் கொதிகலனைச் சூடாக்கி, 1878-ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் வெயிலைக் கொண்டே பனிக்கட்டி செய்து காட்டினார்.

அதே ஆண்டில் இந்தியாவில் நிகழ்ந்ததைப் பலர் அறிவதில்லை. பம்பாய் உயர்நீதிமன்றத்தின் துணைப் பதிவாளராக இருந்த வில்லியம் ஆடம்ஸ், வெப்பமண்டல நாடுகளில் எரிபொருளுக்கு மாற்றாகச் சூரிய வெப்பத்தை முன்வைக்கும் நூலொன்றை 1878-இல் வெளியிட்டார். மூஷோவின் வளைந்த ஆடியைப் பெரிதாக்குவது செலவுமிக்கது என்று கருதிய அவர், சிறிய தட்டை ஆடிகள் பலவற்றை ஒரே கொதிகலனை நோக்கித் திருப்பும் முறையைக் கையாண்டார். 17 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் கொண்ட 72 ஆடிகள், அரைவட்டப் பாதையில் நகரும் சட்டத்தில் பொருத்தப்பட்டன. கொதிகலன் அசையாமல் நின்றது. இவ்வமைப்பு இரண்டரைக் குதிரைத்திறன் நீராவி இயந்திரத்தை இயக்கியது. இன்று பாலைவனங்களில் உயர்ந்த கோபுரத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஆடிகளை நிறுத்தும் சூரியக் கோபுர மின்நிலையத்தின் கருத்து இதுவே. ஆடம்ஸ் உருவாக்கிய சூரிய அடுப்பு, ஏழு படைவீரர்களுக்கான உணவை இரண்டு மணி நேரத்தில் சமைத்தது. அந்தச் சோதனை நடந்தது சனவரி மாதத்தில். ஆண்டிலேயே குளிர்ந்த மாதத்தில்கூட இது முடியும் என்பது அவர் காட்ட விரும்பியது. பம்பாயின் சனவரி வானம் தெளிந்த நேர்க்கதிர் வானம் என்பதும், சூலை வானம் அப்படியன்று என்பதும் அதே சோதனையின் மறுபக்கம்.

1913-இல் அமெரிக்கப் பொறியாளர் பிராங்க் ஷூமன், எகிப்தின் மாடி என்ற இடத்தில் நைல் நதிநீரை இறைக்க ஐந்து பரவளையத் தொட்டி ஏற்பிகளை நிறுவினார். ஒவ்வொன்றும் 62 மீட்டர் நீளம். அதன் குவியக்கோட்டில் நீர்க்குழாய். நாள்தோறும் சூரியனுடன் திரும்பும் அமைப்பு. முதல் உலகப்போர் அம்முயற்சியை நிறுத்தியது. போருக்குப் பின் வந்த மலிவான எண்ணெய் அதை மறக்கடித்தது. ஷூமன் தேர்ந்தெடுத்த வானம் பாலைவன வானம் என்பது கவனத்துக்குரியது.

ஆடியின் வழிக்கு ஒரு விலை உண்டு. சூரிய வட்டின் கோண அகலம் ஏறத்தாழ அரைப் பாகை. கதிரை எவ்வளவு குவிக்கிறதோ, அந்த அளவுக்கு ஏற்பியின் பார்வை குறுகும். செறிவு விகிதம் 20 ஆக இருக்கும் ஆடி, வானம் முழுதும் பரவிய சிதறுகதிரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கையே பயன்படுத்த முடியும். எஞ்சியவை குவியத்தைத் தவறிச் செல்லும். மேகம் ஒன்று வட்டை மறைத்தால் தட்டைத் தகடு சற்றே தளரும்; குவியாடி ஏறக்குறைய நின்றுவிடும். இவ்விரு வழிகளுக்கும் நடுவே, குறைந்த செறிவுடன், நாள்தோறும் திருப்ப வேண்டாத கூட்டுப் பரவளைய ஏற்பியை 1974-இல் ரோலண்ட் வின்ஸ்டன் விளக்கினார். அதுவும் இந்த விதியைத் தளர்த்தியதேயன்றி நீக்கவில்லை.

விடுதலைக்குப் பிந்தைய இந்தியா இந்தப் பாடத்தைத் தன் செலவில் கற்றது. 1950-களின் தொடக்கத்தில் தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் பரவளைய ஆடி அடுப்பை உருவாக்கியது. விறகையும் சாண வறட்டியையும் நம்பியிருந்த நாட்டில் அது பெருத்த எதிர்பார்ப்பை எழுப்பியது. 1954-இல் யுனெஸ்கோவும் இந்திய அரசும் சேர்ந்து காற்று, சூரிய ஆற்றல் குறித்த கருத்தரங்கைத் தில்லியில் நடத்தின. அடுப்போ மக்களிடம் எடுபடவில்லை. சமைப்பவர் வெயிலில் நின்று அடிக்கடி அதைத் திருப்ப வேண்டியிருந்தது. மாலை உணவுக்கு அது உதவவில்லை. மேகம் வந்தால் சோறு பாதியில் நின்றது. ஆடியின் தரத்தில் குறையில்லை. குடும்பத்தின் நாளும் வானத்தின் நாளும் பொருந்துகின்றனவா என்ற கேள்வி முன்கூட்டிக் கேட்கப்படவில்லை.

வானத்தை அளந்தவர்

அந்தக் கேள்விக்கு எண்களால் விடை தேடியவர், திருவிதாங்கூரின் பீர்மேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மாணி. சென்னை மாநிலக் கல்லூரியில் 1939-இல் பட்டம் பெற்று, பெங்களூருவில் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரத்தின் ஒளியியலை ஆராய்ந்தவர். முதுகலைப் பட்டம் இல்லை என்பதால் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கப்படவில்லை. 1945-இல் இலண்டன் சென்று வானிலைக் கருவியியல் பயின்று, 1948-இல் இந்திய வானிலைத் துறையின் புனே அலுவலகத்தில் சேர்ந்தார். வெளிநாட்டுக் கருவிகளை நம்பியிருந்த துறைக்கு உள்நாட்டிலேயே கருவி செய்யும் வரைபடங்களையும் தரங்களையும் உருவாக்கியதில் அவர் பங்கு பெரிது.

1957-58-ஆம் ஆண்டின் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி, இந்தியாவில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களின் வலையமைப்பை அவர் நிறுவினார். மொத்தக் கதிரை ஒரு கருவி அளக்கும். நேர்க்கதிரை, சூரிய வட்டை மட்டும் நோக்கும் குழாய்க் கருவி அளக்கும். நிழல் வளையம் பொருத்திய கருவி சிதறுகதிரைத் தனியே தரும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த இப்பதிவுகள், 1980-இல் அவரது இந்தியச் சூரியக் கதிர்வீச்சுத் தரவுக் கையேடாக வெளிவந்தன. திருவனந்தபுரமும் அந்த வலையமைப்பின் நிலையங்களுள் ஒன்று. தும்பா ஏவுதளத்தின் வானிலை ஆய்வகத்தை அமைத்தவரும் அவரே. அன்னா மாணி 2001-இல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

ஏற்பிகளின் வரலாற்றில் அவர் பெயர் அரிதாகவே வருகிறது, ஏனெனில் அவர் எந்த ஏற்பியையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் எந்த ஊருக்கு எந்த ஏற்பி பொருந்தும் என்பதை, விற்பனையாளரின் வாக்கைச் சாராமல் தீர்மானிக்கும் வாய்ப்பை அவரது அட்டவணைகளே முதலில் தந்தன.

சமையற்கூடங்களும் மின்நிலையங்களும்

வானமும் வேலையும் பொருந்திய இடங்களில் ஆடிகள் சிறப்பாகவே உழைத்தன. ஆரோவில்லின் சூரியச் சமையற்கூடத்தில் 1997 முதல் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் கூரையின் மீது அசையாமல் அமர்ந்திருக்கிறது. கோள வடிவ ஆடியின் குவியக்கோட்டைப் பின்தொடர்ந்து ஏற்பித் தண்டு மட்டும் நகர்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் பேருக்கான உணவுக்கு நீராவி தருவதற்காக வடிவமைக்கப்பட்டது அது. திருமலையில் 2002-இல் 106 குவியாடிகள் நிறுவப்பட்டன. வோல்ஃப்காங் ஷெஃப்லர் வடிவமைத்த இவ்வகை ஆடி நாள்முழுதும் திரும்பினாலும் அதன் குவியம் இடம் மாறுவதில்லை. ஆகவே அடுப்போ நீராவிக் கலனோ ஓரிடத்திலேயே நிற்கலாம். நிறுவப்பட்டபோது அவ்வமைப்பின் இலக்கு நாளொன்றுக்கு 4,000 கிலோகிராம் நீராவி. 2009-இல் சீரடியில் 73 ஆடிகள் இதே முறையில் அமைந்தன.

இவ்விடங்களில் பொதுவாகக் காண்பவை மூன்று. தேவைப்பட்ட வெப்பநிலை 150 முதல் 180 பாகைதான். மின்சாரமாக மாற்றும் இழப்பு இல்லை. வேலை பெரும்பாலும் பகலில் நடந்தது. ஆடிகள் எரிபொருள் கொதிகலனை அகற்றவில்லை, அதன் நீராவிக் குழாயுடன் இணைந்தன. மேகமூட்ட நாளிலும் பந்தி நிற்கவில்லை.

2010 சனவரியில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசியச் சூரிய ஆற்றல் இயக்கம், முதற்கட்டத்தில் ஏழு சூரிய வெப்ப மின்திட்டங்களுக்கு 470 மெகாவாட் ஒதுக்கியது. இராசத்தானின் நோக்கில் 50 மெகாவாட் பரவளையத் தொட்டி நிலையம் 2013-லும், தூர்சரில் 125 மெகாவாட் நேரியல் பிரெனல் நிலையம் 2014-லும் மின்சாரம் தந்தன. ஒதுக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை நிறைவேறவில்லை. முதன்மையான காரணங்களுள் ஒன்று வானத்தைப் பற்றியது. செயற்கைக்கோள் மதிப்பீடுகள் காட்டிய நேர்க்கதிர், தரையில் அளந்தபோது பல இடங்களில் குறைவாக இருந்தது. தூசும் நுண்துகளும் அதைச் சிதறடித்தன. நேர்க்கதிர் குறைந்தால் ஆடி நிலையத்தின் வருவாய்க் கணக்கும் குலையும். சென்னையில் இயங்கும் இன்றைய தேசியக் காற்றாற்றல் நிறுவனம் வாயிலாக 2011-இல் 51 தரைநிலையங்கள் அமைக்கப்பட்டன. திட்டங்கள் ஒதுக்கப்பட்டது அதற்கு முந்தைய ஆண்டில். அளவீடு பின்னும் ஒதுக்கீடு முன்னுமாக நடந்த அந்த வரிசை, பொதுப்பணத் திட்டமிடலில் ஒரு பாடம். அதே ஆண்டுகளில் சிதறுகதிரையும் மின்னாக்கவல்ல ஒளிமின் தகடுகளின் விலை சரிந்தது. ஆடி நிலையங்களின் இடத்தை அவை பிடித்துக்கொண்டன.

விழிஞ்ஞத்தின் அலையும் காற்றும்

விழிஞ்ஞத்தின் அலைத்தடுப்புச் சுவரருகே 1991-இல் வேறொரு வகைச் சோதனை நடந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில், கடல் மேம்பாட்டுத் துறையின் ஆதரவில், 150 கிலோவாட் அலை மின்நிலையம் நிறுவப்பட்டது. கற்காரைப் பேழைக்குள் நுழையும் அலை, உள்ளிருக்கும் காற்றை மேலே தள்ளும். அலை பின்வாங்கும்போது காற்று உள்ளே இழுக்கப்படும். இரு திசைக் காற்றிலும் ஒரே பக்கமாகச் சுழலும் வெல்ஸ் சுழலி மின்னாக்கியை இயக்கும். பின்னர் இது தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்தது. அலை மின்சாரத்தால் கடல்நீரைக் குடிநீராக்கும் சோதனையும் இங்கே நடந்தது.

ஆழ்ந்து நோக்கினால் இதுவும் சூரிய வெப்பத்தின் கதைதான். நிலமும் கடலும் ஏற்றத்தாழ்வாகச் சூடாவதால் பருவக்காற்று பிறக்கிறது. காற்று அலையை எழுப்புகிறது. உள்ளூர் வானம் மூடிக்கிடக்கும் சூன், சூலையில் இந்தக் கரைக்குச் சூரிய ஆற்றல் வந்துசேரும் வடிவம் அலை. ஆனால் அவ்வடிவமும் பருவத்துக்குக் கட்டுப்பட்டது. மழைக்காலத்தில் வலுத்து, கோடையில் தளரும் அலையினால், ஆண்டுச் சராசரி விளைச்சல் பெயரளவுத் திறனைவிட மிகக் குறைவாகவே இருந்தது. நிலையம் இன்று இயங்கவில்லை.

அலை நிலையத்தின் அருகே மீன் உலர்த்திய பெண்களுக்குத் தேவைப்பட்டது மின்சாரமன்று. மிதமான சூடுள்ள, ஈரம் குறைந்த காற்று. அதன் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மழைக்காலக் காற்று 30 பாகையில் 80 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்துடன் இருப்பதாகக் கொள்வோமாயின், அதனை 45 பாகைக்குச் சூடாக்கினால் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 35 விழுக்காடாகக் குறையும். பதினைந்து பாகை உயர்வு, மழைக்கால விழிஞ்ஞத்தின் காற்றைத் தூத்துக்குடியின் காற்றாக மாற்றிவிடுகிறது. அதற்கு மேல் சூடு மிகுந்தால் கெடுதியே: மீனின் தசை வேகத் தொடங்கும், மேற்பரப்பு இறுகி உள்ஈரத்தை அடைத்துவிடும், வெளியே காய்ந்தும் உள்ளே நொதித்தும் போகும். எனவே இங்கே குவியாடிக்கு வேலையில்லை. கரிய தகட்டின் மேல் கண்ணாடியோ ஒளிபுகும் தகடோ மூடி, இடையே காற்றைச் செலுத்தும் தட்டைக் காற்று ஏற்பியே போதும். சிதறுகதிரையும் ஏற்கும் வகை அதுதான்.

பரப்பையும் கணக்கிடலாம். 75 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோகிராம் மீனை 20 விழுக்காடு ஈரத்துக்கு உலர்த்தினால் எஞ்சுவது 31 கிலோகிராமுக்குச் சற்று மேல். வெளியேற வேண்டிய நீர் ஏறத்தாழ 69 கிலோகிராம். ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வேண்டும் என்பதால், மொத்தத் தேவை சுமார் 46 கிலோவாட்-மணி. மழைக்காலப் பகலொன்றில் சதுர மீட்டருக்கு 4 கிலோவாட்-மணி கதிர் கிடைத்து, அதில் கால் பங்கு பயனாகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு நாளில் உலர்த்த 23 சதுர மீட்டர் ஏற்பி வேண்டும். ஒரு மகளிர் குழுவின் கூரைக்கு இது எட்டாத அளவன்று. ஆனால் கதிர் 2 கிலோவாட்-மணியாகச் சரியும் அடைமழை நாளில் கணக்கு இரட்டிப்பாகும். பாதி உலர்ந்த மீன் இரவில் பூஞ்சை பிடிக்கும். அதனால்தான் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், எரிவாயு, மரக்கழிவு, மின்சாரம் ஆகியவற்றுள் ஒன்றைத் துணை வெப்பமாகக் கொண்ட கலப்பு உலர்த்திகளை உருவாக்கியது. ஆரோவில்லிலும் திருமலையிலும் கொதிகலன் ஆற்றிய பங்கை இங்கே சிறிய அடுப்பொன்று ஆற்றுகிறது.

மணலில் பரப்பிய கருவாட்டுக்கும் உலர்த்தியில் காய்ந்த கருவாட்டுக்கும் உள்ள வேறுபாடு வாங்குபவரின் நாவுக்குத் தெரியும். விற்பவரின் வருவாயிலும் தெரியும். மணலும் ஈயும் தீண்டாத, அளவான உப்பு ஏறிய மீன் நெடுநாள் கெடாது. வணிகர் குறிக்கும் விலைக்கே அவசரமாக விற்க வேண்டிய கட்டாயமும் குறையும். இதனால் ஏற்பியின் வகையைத் தேர்ந்தெடுப்பது பொறியாளரின் விருப்பத்தோடு நிற்பதில்லை. கரையோரத்துக்குக் கருவி வழங்கும் திட்டங்கள் தொடக்கவிழாவை மார்ச் மாத வெயிலில் நடத்துவது எளிது. அன்று எந்த ஏற்பியும் சூடாகும். நெத்திலி குவிந்து இறங்கும் சூலை மாதத்தின் மூடிய வானத்தின்கீழ், இரண்டாம் நாள் மாலைக்குள் அந்தத் தட்டுகளில் உள்ள மீன் காய்ந்திருக்கிறதா என்பதே விழிஞ்ஞத்தில் ஓர் ஏற்பிக்கு வைக்கப்படும் தேர்வு.